பஸ்ஸில் ஸ்கர்ட்டுக்குத் துணி எடுப்பது எப்படி? ஆண்டில் தொடங்கி மீட்டர் கணக்கு வரை

1870-களிலும் 1880-களிலும் இங்கிலாந்து, பிரான்ஸ், அமெரிக்கா ஆகிய நாடுகளில் பெண்கள் உடுத்திய, பின்பக்கம் மட்டும் புடைத்து நிற்கும் நீளப் பாவாடைதான் பஸ்ஸில் (bustle) ஸ்கர்ட். இடுப்புக்குப் பின்னால் கம்பி வளைவுகளையோ குதிரைமுடித் திண்டையோ கட்டி, அதன் மேல் துணியை ஏற்றிவிடுவார்கள். அந்தக் கட்டுமானத்துக்குத்தான் பஸ்ஸில் என்று பெயர். முதல்முறை தைக்கிறவர்கள் பேட்டர்ன் தேடுவதில் வாரக்கணக்கில் செலவிட்டுவிட்டு, துணியை மட்டும் நிறம் பார்த்து அரைமணி நேரத்தில் எடுத்துவிடுகிறார்கள். பிறகு தையல் எவ்வளவு சுத்தமாக வந்தாலும் ஸ்கர்ட் நிற்பதில்லை. பின்னால் உப்ப வேண்டிய இடம் தொய்கிறது, அல்லது இடுப்பில் மூட்டையாகக் குவிகிறது. வெட்டும் தையலும் பாதி வேலையைத்தான் செய்யும். மீதியைச் செய்ய வேண்டியது துணியின் விறைப்பும் எடையும். அதனால் நிறத்தைக் கடைசியில் பாருங்கள்.

எந்த ஆண்டு என்று முதலில் முடிவு செய்யுங்கள்

விக்டோரியா ராணி 1837 முதல் 1901 வரை ஆண்டார். அதில் பஸ்ஸில் நிலைத்தது ஏறக்குறைய இருபது ஆண்டுகள்தான். அந்த இருபதுக்குள்ளேயே மூன்று தனித்தனி உருவங்கள் இருக்கின்றன. ஒன்றுக்குப் பொருந்தும் துணி மற்றொன்றுக்குப் பொருந்தாது.

1869 முதல் 1876 வரை முதல் பஸ்ஸில். பின்புறம் உருண்டு, சரிந்து இறங்கும். மேல் ஸ்கர்ட்டைப் பின்னால் உப்பலாகத் தூக்கிக் கட்டியிருப்பார்கள். கீழ் ஸ்கர்ட் முழுக்க ஃப்ரில்லும் மடிப்பும் ரிப்பனுமாக இருக்கும். இவ்வளவு அலங்காரத்தையும் சுமக்க வேண்டுமானால் துணி எடை குறைவாகவும் மொடமொடப்பாகவும் இருக்க வேண்டும். பட்டு டஃபெட்டா இதற்கென்றே பிறந்த துணி. கோடைக்குக் கஞ்சி ஏற்றிய மஸ்லின், ஆர்கண்டி, லான் ஆகிய மெல்லிய பருத்தித் துணிகள். ஜேம்ஸ் டிஸ்ஸோ 1870-களில் வரைந்த ஓவியங்களில் கோடு போட்ட மெல்லிய உடைகளைப் பார்த்தால், ஃப்ரில் எப்படித் தனித்தனியாக நிமிர்ந்து நிற்கிறது என்று தெரியும்.

1877 முதல் 1882 வரை பஸ்ஸில் ஏறக்குறைய காணாமல் போனது. ஸ்கர்ட் தொடையோடு ஒட்டி இறங்கி, முழங்காலுக்குக் கீழே பின்னால் மட்டும் வாலாக விரியும். உள்ளே நாடாக்கள் வைத்து முன்பகுதியை இறுக்கிக் கட்டுவார்கள். இங்கே மொடமொடப்பு எதிரி. வழிந்து விழும் மெல்லிய கம்பளி, சூரா பட்டு, மென்மையான சாட்டின் ஆகியவைதான் வேண்டும்.

1883 முதல் 1889 வரை இரண்டாம் பஸ்ஸில். இடுப்பிலிருந்து ஏறக்குறைய கிடைமட்டமாகப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும். அலங்காரம் குறைந்து, ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கும் மடிப்பும் தட்டையான பிளீட்டும் முக்கியமாயின. கம்பளி, வெல்வெட், ப்ரோகேட், கனமான ஃபைல் பட்டு எல்லாம் இந்தக் காலத்துக்கு உரியவை. ஷோர்ஷ் சேரா 1884-86-இல் வரைந்த கிராண்ட் ஜாத் ஓவியத்தில் வலப்பக்கம் குடையோடு நிற்கும் பெண்ணின் உருவம் இதுவே.

முதல் ஸ்கர்ட்டுக்கு 1885-ஐ ஒட்டிய நடைபயண உடையைத் தேர்ந்தெடுப்பதே நல்லது. அதற்கு வால் கிடையாது. தரையிலிருந்து 2 இன்ச் மேலே நிற்கும். நடுத்தரக் கம்பளியோ காட்டன் சாட்டினோ போதும். இரண்டுமே புதியவர்களின் தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும் துணிகள். 1877-82 உருவம் பார்க்க எளிமையாகத் தோன்றும், ஆனால் ஒரு சுருக்கம்கூட மறையாது. அதை மூன்றாவதாகவோ நான்காவதாகவோ வைத்துக்கொள்ளலாம்.

உள்ளே போடுவதைத் தைத்து முடித்த பிறகே கடைக்குப் போங்கள்

பஸ்ஸிலும் அதன் மேல் போடும் உள்பாவாடையும் தயாராகாமல் அளவு எடுக்க முடியாது. பஸ்ஸில் மேல் ஏறி இறங்குவதால் பின்பக்க நீளம் முன்பக்கத்தைவிட 4 முதல் 6 இன்ச் கூடும். பஸ்ஸில் பெரிதானால் இன்னும் கூடும். இந்தக் கூடுதலைக் கணக்கில் எடுக்காமல் துணி வாங்கினால், முன்பக்கம் தரையைத் தொடும்போது பின்பக்கம் கணுக்கால் தெரிய ஏறி நிற்கும்.

உள்பாவாடைக்குச் சாதாரண வெள்ளைப் பாப்ளின் அல்லது கேம்ப்ரிக் போதும். ஆனால் அதில் கஞ்சி போட்ட ஃப்ரில் ஒன்றிரண்டு அடுக்காவது பின்பக்கம் இருக்க வேண்டும். இது இல்லாமல் மெல்லிய பட்டை நேரடியாகப் பஸ்ஸில் மேல் போட்டால் கம்பி வளைவுகள் ஒவ்வொன்றும் வரி வரியாக வெளியே தெரியும்.

ஒரே ஸ்கர்ட்டில் மூன்று வேலைகள்

வெளியே பார்க்க ஒரே உடையாகத் தெரிந்தாலும், அடித்தள ஸ்கர்ட், மேல் ஸ்கர்ட், அலங்காரம் என்று மூன்றும் தனித்தனி வேலை செய்கின்றன. மூன்றுக்கும் ஒரே துணியை எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் அன்றும் இல்லை. நிறமும் நெசவும் மாறிய இரண்டு துணிகளைச் சேர்ப்பது அந்தக் காலத்தின் அடையாளமே. கீழே வெல்வெட், மேலே கம்பளி. கீழே கோடு போட்டது, மேலே அதே நிறத்தில் வெறும் துணி.

அடித்தள ஸ்கர்ட்டைப் பற்றி ஒன்று தெரிந்துகொண்டால் செலவு பாதியாகக் குறையும். 1880-களின் தையல்காரர்கள் அதை மலிவான லைனிங் காட்டனில் வெட்டி, கண்ணுக்குத் தெரியும் இடங்களில் மட்டும் நல்ல துணியை மேலே வைத்துத் தைத்தார்கள். மேல் ஸ்கர்ட் மூடும் இடத்தில் வெறும் காட்டன்தான். முன்புறம் கீழே 12 முதல் 16 இன்ச் உயரத்துக்குப் பிளீட், பக்கவாட்டில் தெரியும் ஒரு பட்டை, அவ்வளவுதான் நல்ல துணி. அருங்காட்சியகங்களில் உடையைத் திருப்பிக் காட்டும் படங்களில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். இது ஏமாற்று வேலை அல்ல, காலத்துக்கு உண்மையான முறை. எடையும் குறைகிறது. பஸ்ஸிலும் இடுப்புப் பட்டியும் தாங்க வேண்டிய சுமை அவ்வளவும் குறைகிறது.

எடை ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு. 44 இன்ச் பன்னாவில் (துணியின் அகலத்தில்) 12 மீட்டர் துணி ஒரு முழு உடைக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். சதுர மீட்டருக்கு 100 கிராம் எடையுள்ள டஃபெட்டா என்றால் மொத்தம் சுமார் 1.3 கிலோ. 300 கிராம் எடையுள்ள ப்ரோகேட் என்றால் 4 கிலோ. அந்த 4 கிலோவில் பெரும்பகுதி பின்பக்கம் தொங்கும். பஸ்ஸில் கம்பி வளைந்துவிடும், இடுப்புப் பட்டி பின்னால் இறங்கி முன்னால் ஏறும்.

கடையில் கை வைத்துப் பார்ப்பது

ரோலைப் பிரித்து மேசையில் விரித்தால் நிறமும் பளபளப்பும்தான் தெரியும். துணியின் குணம் தொங்கும்போதுதான் வெளிவரும்.

ஒரு மீட்டர் அளவுக்கு அவிழ்த்து, ஓரத்தைக் கொசுவமாக மடித்து விரல்களுக்குள் பிடித்துத் தொங்கவிடுங்கள். மடிப்புகள் விரலை விட்டு விலகி விரிந்து நின்றால் முதல் பஸ்ஸிலுக்கு ஆகும். விரல்களுக்கு நேர்கீழே ஒட்டி வழிந்தால் 1877-82 உருவத்துக்கு எடுக்கலாம். கனத்தோடு இறங்கினாலும் மடிப்பின் விளிம்பு தெளிவாகத் தெரிந்தால் இரண்டாம் பஸ்ஸிலுக்கு நல்லது. விரியவும் இல்லை, வழியவும் இல்லை, கட்டையாக நிற்கிறது என்றால் அது சோபாவுக்கோ திரைச்சீலைக்கோ நெய்த துணி.

அடுத்து, துணியை எட்டு அடுக்காக மடித்துக் கட்டைவிரலால் அழுத்துங்கள். அழுத்திய பிறகும் 1 செ.மீ.க்கு மேல் தடிமன் இருந்தால் இடுப்பில் அடங்காது. பின்பகுதியில் ஒரு பன்னா அகலம், அதாவது சுமார் 110 செ.மீ. துணி, இடுப்புப் பட்டியில் 20 செ.மீ.க்குள் சுருங்கி உட்கார வேண்டும். தடித்த துணி அந்த இடத்தில் மெஷின் ஊசியை உடைக்கும்.

ஒரு மூலையைக் கைப்பிடிக்குள் பத்து விநாடி கசக்கி விடுங்கள். டஃபெட்டா கசங்கும், அது அதன் இயல்பு. ஆனால் கம்பளி கசங்கியபடியே நின்றால் அதில் கம்பளி குறைவு என்று பொருள். வெட்டிய ஓரத்தை நகத்தால் இருபது முறை சுரண்டிப் பாருங்கள். 5 மி.மீ.க்கு மேல் பிசிறு போனால், தையலுக்கு விடும் ஓரம் வழக்கமான அரை இன்ச் போதாது. முக்கால் இன்ச் விட்டு ஓவர்லாக் அடிக்க வேண்டியிருக்கும். அந்தக் கூடுதலையும் சேர்த்துத் துணி வாங்குங்கள்.

பிறகு கடை வாசலுக்கு எடுத்துவந்து பகல் வெளிச்சத்தில் நிறத்தைப் பாருங்கள். இவ்வளவும் தேறினால் உடனே 12 மீட்டர் வாங்கிவிடாமல், கால் மீட்டர் மட்டும் வாங்கி வீட்டுக்கு வாருங்கள். அந்தக் கால் மீட்டரில் ஒரு துண்டைத் துவையுங்கள். ஒரு துண்டில் ஒரு இன்ச் பிளீட்டுகள் வைத்து அயர்ன் செய்து, ஓர் இரவு தொங்கவிடுங்கள். காலையில் பிளீட் திறந்திருந்தால் அந்தத் துணியில் பிளீட் அலங்காரத்தை மறந்துவிட்டு ஃப்ரில்லுக்குப் போங்கள். ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்துச் சாயம் ஒட்டுகிறதா என்று பாருங்கள். கரும் சிவப்பும் கறுப்பும் வெள்ளை உள்பாவாடையைக் கெடுப்பதில் முன்னணியில் நிற்பவை.

கடைசியாக எரிப்புச் சோதனை. இரண்டு மூன்று நூலை உருவி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்ப் பாத்திரத்துக்கு மேலே கொளுத்துங்கள். முடி கருகும் வாடையும் விரலில் பொடியாகும் சாம்பலும் வந்தால் பட்டு அல்லது கம்பளி. காகிதம் எரியும் வாடை என்றால் பருத்தி, லினன் அல்லது ரேயான். உருகிக் கெட்டியான மணியாக உறைந்தால் பாலியஸ்டர் அல்லது நைலான். நீளவாக்கில் ஓடும் பாவு நூலையும் குறுக்கே ஓடும் ஊடை நூலையும் தனித்தனியாகக் கொளுத்துங்கள். பாவு பட்டாகவும் ஊடை பாலியஸ்டராகவும் இருக்கும் துணிகள் "சுத்தப் பட்டு" என்று விற்கப்படுவது உண்டு.

பட்டு

டஃபெட்டாவில் இன்று கிடைப்பது பெரும்பாலும் அன்றையதைவிட மெல்லியது. பட்டு நூலின் கோந்தை நீக்கும்போது எடையில் ஏறக்குறைய கால் பங்கு போய்விடும். அதை ஈடுகட்ட 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தகர உப்புகளை ஏற்றினார்கள். துணி கனமாகவும் சரசரப்பாகவும் மாறியது. ஆனால் அந்த உப்பே நாளடைவில் இழையை அறுத்துவிட்டது. அந்தக் கால உடைகள் பல நீளவாக்கில் கிழிந்து நார் நாராகத் தொங்குவதற்குக் காரணம் இதுதான். புதிதாகத் தைக்கிறவர்கள் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று: மெல்லிய டஃபெட்டாவை வெறுமனே தைக்காமல், ஒவ்வொரு துண்டின் பின்னாலும் பருத்தித் துணி சேர்த்து இரண்டையும் ஒன்றாகத் தையுங்கள். அப்போதுதான் அந்தக் கால எடை வரும்.

டஃபெட்டாவில் ஊசித்துளை மறையாது. குண்டூசியைத் தையல் ஓரத்துக்குள் மட்டும் குத்துங்கள். பிரித்துத் தைத்தால் பழைய தையல் கோடு நிரந்தரமாகத் தெரியும். ஸ்டீம் அயர்னிலிருந்து ஒரு சொட்டு விழுந்தாலும் வட்டக் கறை நிற்கும் என்பதால், மேலே துணி போட்டு உலர் அயர்ன் செய்யுங்கள்.

நம் கடைகளில் "ரா சில்க்" என்ற பெயரில் கிடைக்கும் டூப்பியான்தான் பலரும் முதலில் எடுப்பது. விலை, விறைப்பு, நிறத் தேர்வு மூன்றும் அதற்குச் சாதகம். குறை அதன் குறுக்கே ஓடும் முடிச்சு இழைகள். 1870-களில் நல்ல உடைக்கு மழமழப்பான பட்டையே தேடினார்கள், முடிச்சு விழுந்த பட்டு இரண்டாம் தரம். மேலும் பிளீட் மடிக்கும்போது முடிச்சுகள் ஒவ்வொரு மடிப்பிலும் வெவ்வேறு இடத்தில் வந்து கண்ணை உறுத்தும். டூப்பியான்தான் கிடைக்கிறது என்றால், இருப்பதிலேயே முடிச்சு குறைந்த ரோலைக் கேளுங்கள். இரண்டு நிற இழை கலந்து மின்னுவதை எடுக்கலாம், அந்த மின்னல் அந்தக் காலத்திலும் உண்டு. தையல் இழுபட்டால் இழைகள் விலகும் துணி இது. பின்னால் பருத்தி சேர்ப்பது இங்கே கட்டாயம்.

குறுக்கே வரி ஓடும் ஃபைல் பட்டில் பிளீட் வைக்கும்போது ஒரு நுட்பம் இருக்கிறது. வரிகள் ஊடைத் திசையில் ஓடுவதால், வழக்கம்போல் கரையிலிருந்து கரை வரை பட்டை வெட்டினால் ஒவ்வொரு மடிப்பும் வரிகளை உடைத்துக்கொண்டு போக வேண்டும். மடிப்பு கூர்மையாக விழாது. பட்டையை நீளவாக்கில் வெட்டினால் மடிப்பு வரியோடு வரியாக விழும். துணி கொஞ்சம் அதிகம் போகும், ஆனால் ஒட்டுத் தையல் குறையும். கால் மீட்டர் மாதிரியில் இரண்டு திசையிலும் மடித்துப் பார்த்தால் வித்தியாசம் உடனே தெரியும்.

டஸ்ஸர் பட்டு பிடித்தவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. ஆர்தர் லிபர்ட்டி 1875-இல் லண்டன் ரீஜன்ட் தெருவில் கடை திறந்து இந்தியப் பட்டுகளை விற்றார். இங்கிலாந்தின் லீக் நகரத்துச் சாயத் தொழிலதிபர் தாமஸ் வார்டில் இந்திய டஸ்ஸருக்குச் சாயம் ஏற்றும் முறையைக் கண்டறிந்து 1878 பாரிஸ் கண்காட்சியில் அந்தத் துணிகளை வைத்தார். எனவே 1880-ஐ ஒட்டிய, கலைநாட்டம் கொண்ட பெண்ணின் மென்மையான உடைக்கு டஸ்ஸர் காலத்தோடு பொருந்தும். காஞ்சிபுரம் புடவையை வெட்டலாமா என்று கேட்பவர்களும் உண்டு. வேண்டாம். ஜரிகைக் கரை தெரிந்தால் அது புடவையாகவே தெரியும். கரையை நீக்கினால் அகலம் போதாது.

கம்பளி

இரண்டாம் பஸ்ஸிலுக்குச் சந்தேகமே இல்லாமல் முதல் தேர்வு கம்பளிதான். சதுர மீட்டருக்கு 200 முதல் 280 கிராம் வரை எடுங்கள். ட்வில் நெசவு, செர்ஜ், கட்டம் போட்டது எல்லாம் ஆகும். பிடித்த இடத்தில் நிற்கும், பிசிறு குறைவு, ஊசித்துளை மறையும். நீராவியில் வளைந்துகொடுப்பதால் மேல் ஸ்கர்ட்டின் தூக்கல்களைப் பலமுறை மாற்றிக் கட்டிப் பார்க்கலாம்.

வெப்பமான ஊரில் பெண்களுக்கான துணிக்கடையில் இதைத் தேடாதீர்கள். ஆண்களின் கோட் சூட் துணிப் பிரிவுக்குப் போங்கள். அங்கே மெல்லிய கம்பளி 58 இன்ச் பன்னாவில் கிடைக்கும். 44 இன்ச்சுக்குப் போட்ட கணக்கில் ஏறக்குறைய கால் பங்கு குறையும். கம்பளியும் பாலியஸ்டரும் கலந்த டெரிவூல் பிளீட்டை நன்றாகப் பிடிக்கும். கம்பளி பாதிக்கு மேல் இருந்தால் தாராளமாக எடுக்கலாம்.

கம்பளிப் பிளீட் திறந்துகொள்வதற்குக் காரணம் பெரும்பாலும் அவசரம். மடிப்புகளைக் கையால் ஓட்டுத் தையல் போட்டு நிறுத்தி, ஈரத் துணி போட்டு அயர்ன் செய்த பிறகு, முழுக்க ஆறும்வரை மேசையிலிருந்து எடுக்கக் கூடாது. சூட்டோடு தூக்கினால் மடிப்பு நெகிழ்ந்துவிடும்.

பருத்தி

புதியவர்களுக்குச் செலவில்லாத நல்ல வழி. காட்டன் சாட்டின் பட்டுக்கு நெருங்கிய மினுமினுப்பைத் தரும். பாப்ளின், பிக்கே இரண்டும் விறைப்பாக நிற்கும். லானும் ஆர்கண்டியும் முதல் பஸ்ஸிலின் கோடை உடைக்கு. வாயில் (voile) என்ற மெல்லிய துணியை மட்டும் தவிர்க்கவும். எவ்வளவு கஞ்சி போட்டாலும் ஈரக்காற்று பட்டவுடன் பின்பக்க உப்பல் சரிந்துவிடும்.

அச்சிட்ட பருத்தியில் சின்னப் பூ, புள்ளி, மெல்லிய கோடு ஆகியவை பொருந்தும். கோடு போட்ட துணி கிடைத்தால் விடாதீர்கள். உடலுக்கு நேர்வாட்டில் வெட்டி, ஃப்ரில்லைக் கிராஸாக (மூலைவாட்டில்) வெட்டினால், ஒரே துணியில் இரண்டு துணி சேர்த்த தோற்றம் கிடைக்கும். தனியாக ரிப்பன் வாங்கவே வேண்டாம்.

வெல்வெட்

வெல்வெட்டில் காட்டன் வெல்வெட்டையே எடுங்கள். துண்டுகள் எல்லாவற்றையும் மேலிருந்து கீழாக ஒரே திசையில் வெட்ட வேண்டும் என்பதால் கால் பங்கு கூடுதலாகத் துணி வாங்குங்கள். தைக்கும்போது மேல் அடுக்கு நகரும், கையால் இரட்டை ஓட்டுத் தையல் போடாமல் மெஷினில் வைக்காதீர்கள். முழு ஸ்கர்ட்டையும் வெல்வெட்டில் தைக்க ஆசைப்படாமல், முன்புறப் பட்டைக்கும் கீழ்ப் பட்டைக்கும் வைத்தாலே உடை எடுப்பாகிவிடும்.

பாலியஸ்டர் ஏன் காட்டிக்கொடுக்கிறது

மணப்பெண் கவுனுக்கு விற்கும் பளபள சாட்டின்தான் பஸ்ஸில் ஸ்கர்ட்டை நாடக உடையாக மாற்றும் முதல் குற்றவாளி. பளபளப்பு மட்டுமே காரணம் அல்ல. தையல் ஓரத்தை எவ்வளவு அழுத்தி அயர்ன் செய்தாலும் அது தட்டையாகப் படியாது. சூட்டைக் கூட்டினால் துணி உருகும். நீளத் தையல்கள் எல்லாம் சுருங்கிச் சுருங்கி நிற்கும். கிராஸாக வெட்டிய ஃப்ரில் மென்மையாக உருளாமல் துள்ளிக்கொண்டு நிற்கும். கோர்செட் (இடுப்பை இறுக்கும் உள்ளாடை), பஸ்ஸில், உள்பாவாடை எல்லாவற்றுக்கும் மேலே காற்றுப் புகாத துணியைப் போட்டால் உடுத்தியவர் அரைமணி நேரம் தாக்குப்பிடிப்பதே கடினம். ஜார்ஜெட், ஷிஃபான், கிரேப் மூன்றும் இன்னும் மோசம். உப்பலாகத் தூக்கிக் கட்டிய இடம் பஸ்ஸில் கம்பிகளுக்கு நடுவே குழிந்து இறங்கிவிடும். பட்டு வாங்கப் பணம் போதவில்லை என்றால் பட்டைப்போல் நடிக்கும் பாலியஸ்டருக்குப் போகாமல் நல்ல காட்டன் சாட்டினுக்குப் போங்கள். அது பருத்தியாகவே அழகாக இருக்கும்.

நிறத்தில் தயங்க வேண்டாம்

பழைய காலம் என்றால் மங்கிய பழுப்பு என்று நினைத்துக்கொள்கிறார்கள். 1856-இல் 18 வயது வில்லியம் பெர்கின் நிலக்கரித் தாரிலிருந்து ஊதாச் சாயம் கண்டுபிடித்தார். 1859-இல் மெஜந்தா வந்தது. பஸ்ஸில் காலத்துக்குள் கண்ணைப் பறிக்கும் ஊதா, நீலம், பச்சை எல்லாம் புழக்கத்தில் இருந்தன. 1870-களுக்கு ஒரே நிறத்தின் இரண்டு சாயல், 1880-களுக்கு ஆழ்ந்த மாதுளைச் சிவப்பு, பாட்டில் பச்சை, கருநீலம், காப்பிப் பழுப்பு என்று வைத்துக்கொண்டால் தவறாது. ஒளிரும் நியான் நிறங்களும் உலோக மினுக்கும் மட்டும் வேண்டாம்.

மீட்டர் கணக்கு

அடித்தள ஸ்கர்ட்டை முழுக்க நல்ல துணியிலேயே வெட்டுவதாகவும், இடுப்பிலிருந்து தரை வரை முன்னால் 41 இன்ச், பின்னால் 46 இன்ச், கீழ்ச்சுற்று சுமார் 108 இன்ச் என்று வைத்து, 44 இன்ச் பன்னாவில் கணக்கிடுவோம். முன்துண்டு ஒன்று, கீழே 24 இன்ச் அகலம். பக்கத் துண்டு இரண்டு, கீழே 20 இன்ச் வீதம். பின்துண்டு முழுப் பன்னா. முன்துண்டும் ஒரு பக்கத் துண்டும் தலைகீழாகப் பொருந்தி ஒரே நீளத்தில் அடங்கும், 44 இன்ச். இன்னொரு பக்கத் துண்டுக்கு இன்னொரு 44 இன்ச், அதில் மிஞ்சுவது இடுப்புப் பட்டிக்கும் பைக்கும். பின்துண்டு 48 இன்ச். மொத்தம் 136 இன்ச், சுமார் 3.5 மீட்டர். 4 மீட்டராக வாங்குங்கள். ஒரு திசை அச்சோ வெல்வெட்டோ என்றால் தலைகீழாக வைக்க முடியாது, 5 மீட்டர் வேண்டும்.

மேல் ஸ்கர்ட்டுக்கு, பக்கங்களில் மடிந்து ஏறும் முன் ஏப்ரனுக்கு 36 இன்ச், பின்னால் உப்பலாகத் தூக்க 55 இன்ச் நீளத்தில் இரண்டு பன்னா. சேர்த்து 146 இன்ச், சுமார் 3.75 மீட்டர். பின்பகுதிக்கு ஒரே பன்னா போதும் என்று குறைத்தால் உப்பல் ஒல்லியாக, இரவல் வாங்கியதாகத் தெரியும். இங்கே கஞ்சத்தனம் வேண்டாம்.

புதியவர்கள் குறைத்து மதிப்பிடுவது எப்போதும் அலங்காரத்தைத்தான். ஃப்ரில்லுக்குச் சுற்றளவைப்போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு, ஒரே பக்கம் மடியும் பிளீட்டுக்கும் பாக்ஸ் பிளீட்டுக்கும் மூன்று மடங்கு நீளம் வேண்டும். 108 இன்ச் சுற்றுக்கு 8 இன்ச் உயரப் பிளீட் வைக்கிறீர்கள் என்றால் 324 இன்ச் பட்டை வேண்டும். ஒரு பட்டை ஒட்டுப் போக 43 இன்ச். எட்டுப் பட்டைகள். ஒவ்வொன்றையும் மடிப்புக்கும் தையலுக்கும் சேர்த்து 10 இன்ச் உயரத்தில் வெட்டினால் 80 இன்ச், அதாவது 2 மீட்டர். ஒரே ஒரு வரிசைக்கு இவ்வளவு. 1872-ஐ ஒட்டிய உடையில் மூன்று வரிசை சாதாரணம்.

ஆக ஸ்கர்ட்டுக்கு மட்டும் 10 மீட்டர், மேல்சட்டைக்கு இன்னும் 2.5 மீட்டர். எல்லாவற்றையும் ஒரே நாளில், ஒரே ரோலிலிருந்து வாங்குங்கள். அடுத்த மாதம் வரும் ரோலின் சாயம் ஒரு சாயலாவது மாறியிருக்கும். பக்கத்தில் வைத்துத் தைத்ததும் அது தெரியும்.

வெட்டுவதற்கு முன்னும் கீழ் ஓரத்திலும்

பருத்தியையும் லைனிங்கையும் துவைத்து, உலர்த்தி, அயர்ன் செய்த பிறகே வெட்டுங்கள். பருத்தி மீட்டருக்கு 3 முதல் 5 செ.மீ. வரை சுருங்கலாம். லைனிங்கைத் துவைக்காமல் துவைத்த துணியோடு சேர்த்துத் தைத்தால், முதல் சலவையில் உள்ளே இருப்பது சுருங்கி வெளித்துணி பை பையாகத் தொங்கும். கம்பளிக்கு நீராவி போதும். டஃபெட்டாவை நனைக்கவே கூடாது, மொடமொடப்பு போய்விடும்.

மேல் ஸ்கர்ட்டின் தூக்கல்களை நல்ல துணியில் நேரடியாகக் கட்டிப் பார்க்காமல் காடா துணியில் முயன்று பாருங்கள். ஆனால் பட்டில் தைக்கப்போகிறீர்கள் என்றால் காடாவைக் கஞ்சி போட்டு விறைப்பாக்கிக்கொள்ளுங்கள். தொளதொள காடாவில் கண்ட மடிப்பு டஃபெட்டாவில் வராது.

கீழ் ஓரத்தின் உள்பக்கம் 8 முதல் 10 இன்ச் உயரத்துக்கு விறைப்பான காட்டன் பட்டை ஒன்று வைத்துத் தைக்க வேண்டும். புடவைக்கு ஃபால்ஸ் செய்யும் வேலையை இது இங்கே செய்கிறது: எடை சேர்த்து, ஸ்கர்ட் காலுக்குள் மடங்காமல் பார்த்துக்கொள்ளும். மெல்லிய பட்டாக இருந்தால் அந்தப் பட்டைக்குள் டெய்லர் கேன்வாஸ் ஒரு அடுக்கு சேர்க்கலாம். ஓரத்தின் விளிம்பில் கம்பளி நாடாவை 3 மி.மீ. கீழே தெரியும்படி வைத்துத் தைத்தார்கள். தரையில் உரசித் தேய்வது நாடா, துணி அல்ல. தேய்ந்ததும் நாடாவை மட்டும் மாற்றலாம். வால் உள்ள ஸ்கர்ட்டுக்கு உள்பக்கம் கழற்றித் துவைக்கக்கூடிய மஸ்லின் ஃப்ரில் ஒன்றைக் கூடுதலாக வையுங்கள்.

வெட்டும்போது பின்துண்டு, மேல் ஸ்கர்ட்டின் நீளத் துண்டுகள், முன்துண்டு, பக்கத் துண்டுகள் என்ற வரிசையில் போங்கள். மேல்சட்டைக்கான 2.5 மீட்டரை அதற்கும் முன்பே தனியாக எடுத்து மடித்து வைத்துவிடுங்கள். அலங்காரப் பட்டைகளைக் கடைசியில் வெட்டினால், துணி குறைந்தாலும் ஒரு ஃப்ரில் வரிசையை விட்டுவிட்டு உடையை முடிக்க முடியும்.